எலி இருக்கும் இடம்

காலை ஆறரை மணிக்கு போன். அடையாறு நண்பர்.

"பின்னாடி ஷெட்டுல மலைப்பாம்பு புகுந்திருச்சுய்யா. பத்தடி இருக்கும். உனக்கு யாரையாவது தெரியுமா?"

பத்திரிகைக்காரன் என்றால் போலீஸ் கமிஷனர் முதல் பாம்பு பிடிப்பவர் வரை எல்லோரையும் தெரிந்திருக்கும் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. போகட்டும். முதலில் அந்த ஷெட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நண்பர் வேலையை விட்டு விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் வெள்ளெலி வளர்க்க ஆரம்பித்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மரப்பலகை ரேக், வரிசையாகக் கூண்டுகள். வீட்டில் அரோவனா மாதிரி பெரிய மீன் வைத்திருப்பவர்கள், செல்லப்பிராணிக் கடைக்காரர்கள் என்று வாங்க ஆள் இருந்தது. வெள்ளெலிக்கு கர்ப்பகாலம் மூன்று வாரம்கூடக் கிடையாது, 20 நாள். ஒரு பிரசவத்தில் ஆறு, எட்டு குட்டி. ஆறேழு வாரத்தில் அந்தக் குட்டிகளே குட்டி போடத் தயார். எந்த வங்கியும் தராத கூட்டு வட்டி!

நாலு மாதம் கணக்கு சரியாக இருந்தது. ஐந்தாவது மாதம் இருப்பு உதைத்தது. புத்தகத்தில் இருக்கும் எலிக்கும் கூண்டில் இருக்கும் எலிக்கும் ஒரு டஜனுக்கு மேல் வித்தியாசம். நண்பர் வாட்ச்மேனைச் சந்தேகப்பட்டார். என்னிடம் கேட்டபோது நானும் ஆமாம் என்றுதான் தலையாட்டினேன். நான் பி.காம். ஸ்டாக் குறைந்தால் முதலில் ஆளைப் பார் என்றுதான் ஆடிட்டிங் வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். பாம்பைப் பார் என்று அவர் சொல்லவில்லை.

கிண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இருளர். கையில் ஒரு துணிப்பை, ஒரு கம்பி. தவிட்டு மூட்டைக்குப் பின்னாலிருந்து அவர் இழுத்தது மலைப்பாம்பு இல்லை. சாரை. பத்தடியும் இல்லை, ஆறடி. பயந்தவன் கண்ணுக்கு எப்போதும் நாலடி கூடுதலாகத்தான் தெரியும். சாரைக்கு விஷம் கிடையாது. 'நல்ல பாம்பும் சாரையும் பின்னிக்கிட்டிருந்தது' என்று ஊரில் சொல்வார்களே, அதுகூட பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் போடும் மல்யுத்தம்தான்.

அந்தப் பெரியவர் பாம்பைப் பைக்குள் போட்ட பிறகும் கிளம்பவில்லை. ஷெட்டையே சுற்றிச் சுற்றி வந்தார். அவர் என்ன தேடினார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்க்க வேண்டும். சுவாரஸ்யமான கதை அது. அதில் நிஜ மலைப்பாம்பும் உண்டு, எலி வளர்ப்புக் கூடமும் உண்டு. என்ன, அது நடந்தது அமெரிக்காவில்.

*

முதலில் நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. தி.நகரில் வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது என்று அலறுகிறோம். 1920களில் அது ஏரி. நுங்கம்பாக்கம் தொடங்கி சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரைக் கட்டினார்கள். அடையாறு, கிண்டி பக்கம் கேட்கவே வேண்டாம். ராஜ்பவன் காட்டிலிருந்து வெட்டிக் கொடுத்த இடத்தில்தான் 1959ல் ஐ.ஐ.டி. வந்தது. மிச்சம் இருந்ததில் ஒரு பகுதியை 1978ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ஆக, பாம்பு நம் வீட்டுக்கு வந்ததா, நாம் பாம்பு வீட்டில் குடியிருக்கிறோமா என்று பட்டா தேடிப் பார்த்தால் நமக்குத்தான் சங்கடம்.

ஆனால் இடம் பழைய இடம் என்பதற்காக மட்டும் பாம்பு வருவதில்லை. அது சாப்பிட வருகிறது. ஓட்டல் பின்புறம், மார்க்கெட், குப்பைத்தொட்டி, மூடாத சாக்கடை என்று பெருச்சாளிக்கு நாம் ஊர் முழுக்க அன்னசத்திரம் நடத்துகிறோம். நண்பராவது கூண்டில் போட்டு வளர்த்தார். மாநகரம் கூண்டில்லாமல் வளர்க்கிறது.

இந்தச் சங்கிலியை, அதாவது எலி, அதன் பின்னால் பாம்பு என்பதை, புத்தகம் படிக்காமல் தெரிந்து வைத்திருந்தவர்கள் செங்கல்பட்டு வட்டாரத்து இருளர்கள். வயல் வரப்பில் வளையைப் பார்த்தால் உள்ளே எலி இருக்கிறதா, எலியைத் தின்றுவிட்டுப் பாம்பு குடியேறி இருக்கிறதா என்று சொல்வார்கள். எலி இருந்தால் வளையைத் தோண்டி எலியையும் எடுப்பார்கள், அது சேர்த்து வைத்த நெல்லையும் எடுப்பார்கள். அறுவடை முடிந்த வயலில் எலி பதுக்கிய நெல் பல இருளர் வீட்டில் அடுப்பு எரிய வைத்திருக்கிறது. ஆசியாவில் விளையும் நெல்லில் 5 முதல் 10 சதவீதம் வரை எலிக்குப் போகிறது என்று ஒரு மதிப்பீடு உண்டு. விவசாயிக்கு நஷ்டக் கணக்கில் வருவது இருளருக்கு வரவில் வந்தது.

பாம்பு இருந்தால்? தோல். அதுதான் இந்தக் கதையின் மோசமான அத்தியாயம்.

20ம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்மணிகளுக்குப் பாம்புத்தோல் செருப்பு, கைப்பை, பெல்ட் மேல் ஆசை வந்தது. மெட்ராஸ் ஏற்கெனவே தோல் பதனிடும் ஊர். பல்லாவரம், குரோம்பேட்டை என்றாலே அப்போது தோல் வாசனைதான் (குரோம்பேட்டைக்குப் பேரே அப்படி வந்ததுதான்). சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு என்று வருஷத்துக்கு லட்சக்கணக்கில் தோல்கள் இங்கிருந்து கப்பல் ஏறின. பிடித்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் இருளர்கள். இடையில் தரகர், அவருக்கு மேல் பதனிடுபவர், அதற்கும் மேல் ஏற்றுமதியாளர். எல்லா ஏணியிலும் நடப்பதுதான் இங்கேயும் நடந்தது. பல்லுக்குள் கை விடுகிறவனுக்குச் சொற்பக் காசு.

இதிலே நாம் கவனிக்காத இன்னொரு செலவு இருந்தது. ஒரு சாரை உயிரோடு வயலில் இருந்தால் எத்தனை எலி தின்றிருக்கும்? அது எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் வரவில்லை. அந்நியச் செலாவணி ஒரு பக்கம் ஏற, நெல் குதிர் இன்னொரு பக்கம் இறங்கும். இரண்டையும் ஒரே ஐந்தொகையில் போட்டுப் பார்க்க ஆள் இல்லை.

அரசாங்கங்களுக்கு இந்த எலி, பாம்பு கணக்கு எப்போதும் தகராறுதான். 1902ல் ஹனோய் நகரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் புதுசாகக் கட்டிய சாக்கடையில் எலி பெருகிவிட்டது. பிளேக் பயம். எலி வாலைக் கொண்டு வந்து காட்டினால் காசு என்று அறிவித்தார்கள். வால்கள் குவிந்தன. அதிகாரிகளுக்கு ஏக சந்தோஷம். கொஞ்ச நாளில் தெருவில் வாலில்லாத எலிகள் ஓட ஆரம்பித்தன! வாலை மட்டும் நறுக்கிவிட்டு, குட்டி போடட்டும் என்று எலியை விட்டுவிட்டார்கள் சாமர்த்தியசாலிகள். ஊருக்கு வெளியே சிலர் கொல்லைப்புறத்தில் எலிப் பண்ணையே வைத்திருந்தது பிறகு தெரிந்தது. திட்டத்தை இழுத்து மூடினார்கள். என் அடையாறு நண்பர் நூறு வருஷம் முன்னால் ஹனோயில் பிறந்திருந்தால் பணக்காரர் ஆகியிருப்பார்.

*

இப்போது ஒரு அமெரிக்கர் வருகிறார். ரோமுலஸ் விட்டேகர். 1943ல் நியூயார்க்கில் பிறந்து, 1951ல் அம்மாவோடு இந்தியா வந்த பையன். அம்மா மறுமணம் செய்துகொண்டது கமலாதேவி சட்டோபாத்யாயாவின் மகனை. கொடைக்கானலில் பள்ளிக்கூடம். விடுதியில் மற்ற பையன்கள் கட்டிலுக்கு அடியில் தின்பண்டம் ஒளித்து வைப்பார்கள். இவர் மலைப்பாம்பு வைத்திருந்தார்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கா திரும்பி, புளோரிடாவில் மியாமி செர்பென்டேரியம் என்ற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அதை நடத்தியவர் பில் ஹாஸ்ட். பார்வையாளர்கள் முன்னால் வெறும் கையால் பாம்பு பிடித்து விஷம் எடுப்பவர். தன் உடம்பிலேயே கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றிக்கொண்டவர். நூறு வயது வாழ்ந்து 2011ல் இறந்தார் மனுஷர். புளோரிடாவையும் ஹாஸ்டையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1967ல் இந்தியாவுக்குத் திரும்பிய விட்டேகர் மெட்ராஸ் பக்கம் வந்தபோது இருளர்களைப் பார்த்தார். மியாமியில் படித்ததெல்லாம் அரிச்சுவடி என்று புரிந்தது. மண்ணில் கிடக்கும் ஒரு கோட்டைப் பார்த்து என்ன பாம்பு, எந்தத் திசையில் போனது என்று சொல்லும் ஆட்கள். 1969ல் தாம்பரத்துக்குப் பக்கத்தில் சேலையூரில் பாம்புப் பண்ணை தொடங்கினார். 1972ல் அது கிண்டிக்கு வந்தது. நம்மில் பாதிப் பேர் பள்ளிக்கூட எக்ஸ்கர்ஷனில் போய்க் கண்ணாடியைத் தட்டிவிட்டுத் திட்டு வாங்கிய அதே பாம்புப் பண்ணைதான்.

அதே 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976ல் பாம்புத்தோல் ஏற்றுமதியையும் தடை செய்தார்கள். பாம்பு பிழைத்தது. இருளர்? ஒரே நாளில் தொழில் குற்றமாகிவிட்டது. தரகருக்கு வேறு வியாபாரம் கிடைக்கும். ஏற்றுமதியாளர் ஆட்டுத்தோலுக்கு மாறிவிடுவார். பாம்பு மட்டுமே தெரிந்தவன் எங்கே போவான்? ஏற்கெனவே நிலம் கிடையாது. காட்டுக்குள் போனால் கேஸ். சட்டம் நல்ல சட்டம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்கான விலையில் பெரும்பங்கை யார் கட்டினார்கள் என்பதை நம் வனவிலங்கு ஆர்வலர்கள் அதிகம் பேசுவதில்லை.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. தோலை விற்கக் கூடாது, சரி. விஷத்தை விற்கலாமே? பாம்பைக் கொல்லவே வேண்டாமே? 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவு சங்கம் பதிவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் இடம்.

வேலை இப்படி. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நாலுதான். உறுப்பினர்கள் உயிரோடு பிடித்து வருவார்கள். மண்பானையில் விட்டு வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். மூன்று நாலு வாரத்துக்குள் நாலு தடவை விஷம் எடுத்துவிட்டு, அடிவயிற்றுச் செதிலில் ஒரு அடையாளம் போட்டு, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் எதற்கென்றால், அதே பாம்பு உடனே மறுபடி மாட்டிக்கொண்டு அவஸ்தைப்படக் கூடாது என்பதற்காக. உலர்த்திய விஷம் மருந்துக் கம்பெனிகளுக்குப் போகும். அங்கே குதிரைக்குச் சிறு சிறு அளவாக ஏற்றுவார்கள். குதிரையின் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்புச் சத்தைப் பிரித்தெடுத்தால் பாம்புக்கடி மருந்து. கிண்டியிலேயே, 1899ல் தொடங்கிய கிங் இன்ஸ்டிடியூட்டிலும் ஒரு காலத்தில் இந்த மருந்தைத் தயாரித்தார்கள்.

2000லிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020ல் வெளியான ஒரு ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்து மனிதர்கள். எலி தேடி வரும் பாம்பை வயலிலும் வீட்டு வாசலிலும் இருட்டில் மிதித்தவர்கள். அதில் பிழைத்தவர்களுக்குப் போட்ட ஊசியில் பெரும் பங்கு, முந்நூறு சொச்சம் இருளர் குடும்பங்கள் பிடித்துக் கொடுத்த பாம்பின் விஷத்திலிருந்து வந்தது. நாட்டின் மருந்துத் தேவைக்கான விஷத்துக்கு நெடுங்காலமாக அந்தச் சங்கத்தைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறார்கள்.

*

இப்போது புளோரிடா. பர்மிய மலைப்பாம்பு அங்கே சொந்தப் பிராணி இல்லை. செல்லமாக வளர்க்க ஆசியாவிலிருந்து வாங்கினார்கள். குட்டியாக இருக்கும்போது அழகு. பன்னிரண்டடி ஆனதும் மனைவி 'அதுவா நானா' என்று கேட்டிருப்பார். ராத்திரியோடு ராத்திரியாக எவர்கிளேட்ஸ் சதுப்புக்காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். 1992ல் ஆண்ட்ரூ புயலில் ஒரு பாம்பு வளர்ப்புக் கூடம் சிதறியதும் காரணம் என்பார்கள். 2012ல் வந்த ஆய்வு சொன்னது: ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டது. இன்னொரு ஆய்வில் ரேடியோ கருவி கட்டி முயல்களை விட்டார்கள். செத்த முயல்களில் 77 சதவீதம் மலைப்பாம்பின் வயிற்றில் போயிருந்தன.

எலிக்கும் வருவோம். புளோரிடாவின் தென்கோடியில் கீ லார்கோ என்று ஒரு தீவு. அங்கே மட்டும் வாழும் ஒரு மர எலி, சுள்ளி அடுக்கிக் கூடு கட்டும் சாதுவான ஜீவன். அழியும் நிலையில் இருந்ததால் டாம்பா மிருகக்காட்சிசாலையிலும், பிறகு டிஸ்னியின் அனிமல் கிங்டத்திலும் கூண்டில் வளர்த்துப் பெருக்கினார்கள். மிக்கி மவுஸ் கம்பெனி நிஜ எலியும் வளர்த்தது! காட்டில் மிச்சமிருந்த எலிகள் சிலவற்றுக்கு ரேடியோ கருவி கட்டிக் கண்காணித்தார்கள். 2007 ஏப்ரலில் ஒரு எலியின் சிக்னலைத் தொடர்ந்து போனபோது கிடைத்தது எலி இல்லை. ஏழரை அடி மலைப்பாம்பு. சிக்னல் அதன் வயிற்றுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. அந்தத் தீவில் முதலில் பிடிபட்ட மலைப்பாம்புகளில் ஒன்று அது. எலி இருக்கும் இடத்துக்கு அது யாரும் சொல்லாமலே வந்திருந்தது.

அமெரிக்கர்கள் மோப்ப நாய் விட்டுப் பார்த்தார்கள். போட்டி வைத்தார்கள். 2016 போட்டியில் ஆயிரம் பேர் ஒரு மாதம் தேடிப் பிடித்தது 106 பாம்பு. ஆளுக்கு எவ்வளவு என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

2017 ஜனவரியில் செங்கல்பட்டு பக்கத்து சென்னேரி கிராமத்திலிருந்து இரண்டு பேர் அங்கே போய் இறங்கினார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால். இருளர்கள். இங்கிலீஷ் தெரியாது, அதனால் கூடவே இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள். புளோரிடா வனவிலங்குத் துறை இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை 68,888 டாலர். பர்மிய மலைப்பாம்பு இவர்கள் ஊர்ப் பாம்பு கிடையாது. சதுப்புநிலமும் பழக்கமில்லை. அமெரிக்க வேட்டைக்காரர்கள் காரில் உட்கார்ந்தபடி கரைச் சாலைகளில் தேடிக்கொண்டிருக்க, இவர்கள் புதருக்குள் நடந்தார்கள். உரித்த சட்டை, எச்சம், புல் மடிந்த விதம். சுமார் ஒரு வாரத்தில் 13 பாம்பு. அதில் நாலு கீ லார்கோவில், மர எலியின் தீவில். கியூபா ஏவுகணை நெருக்கடிக்குப் பிறகு 1960களில் கட்டி, பின்னால் கைவிட்ட ஒரு ராணுவத் தளத்தின் இடிபாடுகளுக்குள் பதுங்கியிருந்தவை. ஒன்று 16 அடி பெண் பாம்பு.

புளோரிடாவில் ஹாஸ்டிடம் பாம்பு படித்த பையன் மெட்ராஸ் வந்து இருளரிடம் மாணவனாகச் சேர்ந்தான். ஐம்பது வருஷம் கழித்து இருளர் புளோரிடாவுக்கு வாத்தியாராகப் போனார்கள். 2018ல் விட்டேகருக்குப் பத்மஸ்ரீ. 2023ல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ. இதே இருளர்கள்தான் அரசு ஏட்டில் 'மிகவும் நலிவடைந்த பழங்குடி' பட்டியலிலும் இருக்கிறார்கள். சாதிச் சான்றிதழுக்கும் வீட்டுமனைப் பட்டாவுக்கும் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் இருளர்களை எந்தப் பத்திரிகைக்காரனும் பார்த்திருப்பான். ஊரில் ஏதாவது காணாமல் போனால் முதலில் அவர்கள் குடியிருப்புக்குப் போலீஸ் போகும் வழக்கமும் சுத்தமாக ஒழிந்தபாடில்லை.

*

அடையாறு ஷெட்டுக்குத் திரும்புவோம். பெரியவர் தரையோடு தரையாகக் குனிந்து, கூண்டு கழுவும் தண்ணீர் வெளியே போகும் ஓட்டையில் விரல் விட்டுப் பார்த்தார். பிறகு ரேக்குக்குப் பின்னால் கை விட்டு, தூசியோடு தூசியாக எதையோ உருவினார். காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி, ஒன்றரை அடி நீளத்துக்கு ஒரு பாம்புச் சட்டை.

"இது இந்தப் பாம்போடது இல்ல சார்" என்றார்.

"பின்னே?"

தலைப்பக்கம் அகலமாக இருந்த இடத்தை விரித்துக் காட்டினார். "நல்லது. குட்டிதான். போன மாசம் வந்திருக்கும். உங்க எலியை ருசி பார்த்துட்டுப் போயிருக்கு."

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. தினமும் அதிகாலையில் செருப்பில்லாமல், லைட் போடாமல், அந்த ரேக்குக்குப் பின்னால் கை விட்டுத் தவிடு எடுத்துக்கொண்டிருந்தவர் அவர்.

"மறுபடியும் வருமா?"

"எலியை வெச்சிருக்கீங்களே சார்."

ஓட்டைக்கு நெருக்கமான கம்பி வலை அடிக்கச் சொல்லிவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியவர் போய்விட்டார். அந்த வாரமே நண்பர் கூண்டுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். எலிக் கணக்கை மூடும்போது காணாமல் போன உருப்படிக்கு எதிரே 'பாம்பு' என்று ஒரு பதிவு போட்டு டேலி செய்ததாகச் சொன்னார். வாட்ச்மேனிடம் ஏதாவது சொன்னீர்களா என்று கேட்டேன். அந்த ஆள் போன மாதமே நின்றுவிட்டானாம்.